கிராஷ் டம்ப்: ஒரு மரண வாக்குமூலத்தின் பயணம்

2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் விண்டோஸ் திரைகள் வரிசையாக நீலமாகிப் போனது பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பால் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. அந்த நீலத் திரையில், சோக முகக் குறிக்குக் கீழே, ஒரு சதவீத எண் மெல்ல ஏறும். கணினி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்று எண்ணிப் பலர் அதைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். உண்மையில் அப்போது எதுவும் சரியாவதில்லை. விழுந்துவிட்ட கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அந்தக் கணத்தில் தன் நினைவகத்தில் என்னென்ன இருந்தன என்பதை வட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் பொறியாளர் படித்து, சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. இதுதான் கிராஷ் டம்ப்.

நீலத் திரையை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் இந்தக் கொட்டலுக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. பாதரசக் குழாய், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சாலை மேற்பார்வையாளர், காந்த வளையம், பெங்களூரு அலுவலகம் என்று அது எங்கெங்கோ போய் வந்திருக்கிறது. போன இடமெல்லாம் ஒரே கேள்வி அதைத் துரத்தியது: செத்துக்கொண்டிருப்பவனின் வாக்குமூலத்தை யார் எழுதுவது, எங்கே உட்கார்ந்து எழுதுவது?

தொடக்கம் கேம்பிரிட்ஜ். 1949 மே மாதம் அங்கே எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், சில வாரங்களிலேயே ஒரு சங்கடமான உண்மையைக் கண்டுகொண்டார். இனி தன் வாழ்நாளில் பெரும்பகுதி, தானே எழுதிய நிரல்களில் தானே செய்த தவறுகளைத் தேடுவதிலேயே கழியும் என்பது மாடிப்படியில் நின்றபோது தனக்கு உறைத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அவருடைய குழுவில் இருந்த ஸ்டான்லி கில் போன்றவர்கள் இதற்குச் செய்த கருவிகளில் ஒன்றுக்குப் போஸ்ட்மார்ட்டம் என்றே பெயர். நிரல் நின்றுபோனதும் இந்தச் சிறு நிரலை உள்ளே ஏற்றினால், நினைவகத்தின் ஒரு பகுதியை அச்சடித்துக் கொடுக்கும். ஆனால் அச்சடிக்கும் நிரலும் அதே நினைவகத்தில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்தில் முன்பு இருந்தது அழிந்துபோகும். சாட்சி எழுத வந்தவர் தடயத்தின் மேலேயே அமர்ந்துவிடும் இந்தச் சிக்கல், 56 ஆண்டு கழித்து லினக்ஸில் மறுபடி தலைகாட்டும்.

எட்சாக்கின் நினைவகம் பாதரசம் நிரம்பிய குழாய்கள். அதற்குள் ஒலி அலைகள் ஓயாமல் சுற்றிச்சுற்றி வந்தால்தான் எண்கள் உயிரோடு இருக்கும். இதைவிட நல்ல நினைவகம் தேவை என்ற அவசரத்தில் பலர் ஒரே யோசனையைத் தனித்தனியாகப் பிடித்தார்கள்: மிகச் சிறிய காந்த வளையங்களில் கம்பி கோத்து, வளையம் எந்தப் பக்கம் காந்தமாகி இருக்கிறது என்பதைக் கொண்டு பூஜ்யமும் ஒன்றும் எழுதுவது. லாஸ் ஏஞ்சலிஸில் சாலை வேலைகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் வீஹீ, வீட்டில் பொழுதுபோக்காகச் சோதனை செய்து 1947-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஷாங்காயில் பிறந்து ஹார்வர்டுக்கு வந்த ஆன் வாங் 1949-இல் விண்ணப்பித்தார். வளையத்தைப் படித்தாலே அதில் உள்ளது அழிந்துவிடும் என்பதால், படித்த கையோடு மறுபடி எழுதிவிட வேண்டும் என்பது அவர் கொடுத்த உத்தி. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் வளையங்களை வலைபோல் அடுக்கி, 1953-இல் வேர்ல்விண்ட் கணினியில் ஓட்டிக் காட்டினார்.

பிறகு வியாபாரம். ஐ.பி.எம். 1956-இல் வாங்கின் காப்புரிமையை 5 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தது. சாலை மேற்பார்வையாளரின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. 1964-இல் எம்.ஐ.டி.க்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. இவ்வளவு பணமும் வேகத்துக்காகவும் நம்பகத்துக்காகவும் கொட்டப்பட்டது. அதோடு யாரும் கேட்காத ஒரு குணம் இலவசமாக வந்தது. மின்சாரம் போனாலும் காந்த வளையம் தன் நிலையை மறக்காது. நிரல் செத்து, எந்திரமே நின்றுபோனாலும், கடைசிக் கணம் அப்படியே உறைந்து கிடக்கும். நிதானமாக வந்து எடுத்துப் படிக்கலாம். அந்த வளையங்களுக்கு ஆங்கிலத்தில் கோர் என்று பெயர். அப்படி எடுத்தது கோர் டம்ப் ஆயிற்று. அதன் பிறகு வந்த எல்லா டம்ப் உத்திகளும், இந்தத் தற்செயலான வசதியை வேறு வழியில் திரும்பப் பெறும் முயற்சிகளே.

ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 வரிசையை 1964-இல் அறிவித்தபோது, டம்ப் ஒரு அலுவலக நடைமுறையாகவே ஆனது. இரவில் ஓடவிட்ட வேலை பாதியில் செத்தால், காலையில் மேசைமேல் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதக் கட்டு காத்திருக்கும். பக்கத்துக்குப் பக்கம் பதினாறடிமான எண்கள். முதல் வேலை, சாவுக்கான குறியீட்டைப் பார்ப்பது. எஸ்0சி4 என்றால் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. எஸ்0சி7 என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாத ஏதோ இருக்கிறது. அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் 40404040 என்று இருக்கும். ஐ.பி.எம். எழுத்துக் குறியீட்டில் 40 என்பது வெற்றிடம். யாரோ தொகையை நிரப்பாமல் காலியாக விட்ட கட்டத்தைக் கணினி கூட்டப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 வந்து இறங்கியது. 1990-களின் கடைசியில் ஒய்2கே வேலைக்காகக் கோபோல் கற்றுக்கொண்ட சென்னை இளைஞர்களில் எஸ்0சி7-ஐச் சந்திக்காதவர் அரிது.

இதற்கு நேர்மாறான பாதையில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது. அதற்கு முன்னோடியான மல்டிக்ஸ் அமைப்பில் வேலை பார்த்த டாம் வான் விளெக், தாங்கள் எழுதும் நிரலில் பாதி பிழையிலிருந்து மீள்வதற்கே போகிறது என்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிட்சியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றாராம் ரிட்சி. பிழை வந்தால் பேனிக் என்ற ஒரு செயல்கூறை அழைப்போம், எந்திரம் நின்றுவிடும், நடைக்கூடத்தில் யாரையாவது கூப்பிட்டு மறுபடி ஓட்டச் சொல்வோம் என்று விளக்கம் வேறு. இந்த அலட்சியத்தில் ஒரு ஞானம் இருந்தது. குழம்பிப்போன கெர்னல் தன்னைச் சரிசெய்ய முயன்றால் வட்டில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அதைவிட உடனே நிற்பது மேல்.

நின்ற பிறகு டம்ப் எடுப்பதும் கைவேலைதான். பழைய யூனிக்ஸ் கையேட்டின் சொற்படி, பி.டி.பி.-11 எந்திரத்தில் காந்த நாடாவை மாட்டி, முன்பலகைச் சுவிட்சுகளால் எண்மக் கணக்கில் 44 என்ற முகவரியை அமைத்து, ஸ்டார்ட்டைத் தட்ட வேண்டும். நினைவகம் முழுவதும் நாடாவில் ஏறும். செத்த கெர்னலைக் கேட்க வேண்டியதே இல்லை. மனிதக் கை போதும்.

1970-இல் இன்டெல் 1103 சில்லு வந்தது. சில ஆண்டுகளில் காந்த வளையத்தை அது சந்தையிலிருந்து துரத்திவிட்டது. இந்தப் புதிய நினைவகத்துக்கு நொடிக்குப் பலமுறை மின்னூட்டம் புதுப்பிக்கப்பட வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. இலவசமாக வந்த வசதி பறிபோனதும், பெர்க்லியில் பி.எஸ்.டி. யூனிக்ஸ் எழுதியவர்கள் வேறு இடம் தேடினார்கள். நினைவகம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்க வட்டில் ஸ்வாப் என்ற பகுதி இருக்கிறது. பேனிக் ஆன கெர்னலுக்கு இனி அது தேவையில்லை. அதிலேயே டம்ப்பைக் கொட்டிவிட்டு, மறுபடி உயிர்த்தெழும்போது சேவ்கோர் என்ற நிரல் அதை ஒரு கோப்பாக எடுத்துவைக்கும். 1980-களின் தொடக்கத்தில் வந்த இந்த உத்தி பல அமைப்புகளுக்குப் பரவியது.

விண்டோஸிலும் இதே வழிதான். டெக் நிறுவனத்தில் வி.எம்.எஸ். அமைப்பை உருவாக்கிய டேவ் கட்லர் 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்து விண்டோஸ் என்.டி.யைக் கட்டினார். கோளாறு கண்டதும் அமைப்பை நிறுத்தும் பக்செக் என்ற வி.எம்.எஸ். ஏற்பாடும் பெயரோடு கூட வந்தது. என்.டி.யின் நீலத் திரையை எழுதிய ஜான் வெர்ட், தான் பயன்படுத்திய மிப்ஸ் எந்திரமும் ஸ்லிக்எடிட் என்ற எடிட்டரும் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டியதால் அதே நிறத்தைப் போட்டதாகப் பின்னாளில் சொன்னார். உலகமே அஞ்சிய நிறம், ஒருவருடைய மேசைப் பழக்கம்.

விண்டோஸ் இதில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தது. வட்டில் எழுத, அதை இயக்கும் டிரைவர் என்ற நிரல் வேண்டும். விபத்தில் கெட்டது அந்த டிரைவராகவே இருந்தால்? அதனால் தொடங்கும்போதே வட்டு டிரைவரின் இரண்டாம் பிரதி ஒன்றை, பெயருக்கு முன்னால் டம்ப் என்று சேர்த்து, தனியாக ஏற்றி ஒதுக்கிவைக்கிறது. நல்ல நாளில் அதற்கு வேலையே இல்லை. சாவு நாளில் மட்டும் எழுந்து, ஸ்வாப்பின் இடத்தில் விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ் ஃபைலில் எழுதும். அடுத்த முறை விண்டோஸ் எழும்போது அது மெமரி.டி.எம்.பி. என்ற கோப்பாகிறது.

இந்தக் கதையில் 2002 ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். விண்டோஸ் எக்ஸ்.பி. விழும்போதெல்லாம் மினிடம்ப் என்ற சிறு கோப்பை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கும். அப்படி வந்து குவிந்தவற்றைப் பார்த்ததில், 20 சதவீதப் பிழைகள் 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம், வெறும் 1 சதவீதப் பிழைகள் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் என்று தெரிந்ததாம். ஒரு பொறியாளரின் மேசைக்கு வந்த காகிதக் கட்டு, இப்போது உலகம் முழுவதும் நடத்தும் கணக்கெடுப்பாக மாறியது. இந்த வடிவத்தை மற்றவர்கள் சும்மா விடவில்லை. கூகுளின் பிரேக்பேட் என்ற திறமூலக் கருவி, மேக்கிலும் லினக்ஸிலும் விழும் நிரல்களுக்குக்கூட மைக்ரோசாஃப்டின் மினிடம்ப் வடிவத்திலேயே கோப்பு எழுதியது. ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துக்கொண்டது. போட்டியாளர்கள் சண்டை போடாமல் பகிர்ந்துகொண்ட சில பொருள்களில் இதுவும் ஒன்று.

அதே 2002-இல் லினக்ஸ் உலகம் எதிர்த்திசையில் முடிவெடுத்தது. எஸ்.ஜி.ஐ. நிறுவனம் தொடங்கிய எல்.கே.சி.டி. என்ற டம்ப் ஏற்பாட்டைக் கெர்னலில் சேர்க்க, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மறுத்துவிட்டார். ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். ரெட் ஹாட் டம்ப்பை வலைப்பின்னல் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பியது. புஜித்சு வட்டுக்கு எழுதியது. எல்லாவற்றிலும் அதே ஓட்டை: எழுதுவது செத்துக்கொண்டிருக்கும் அதே கெர்னல்.

விடை வேறொரு தேவைக்காகச் செய்த கருவியிலிருந்து வந்தது. எரிக் பீடர்மன் எழுதிய கேஎக்ஸெக், கணினியை அணைக்காமலே ஒரு கெர்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும். அதைப் பிடித்துக்கொண்டு பெங்களூருவில் ஐ.பி.எம். லினக்ஸ் குழுவில் இருந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா, மனீஷ் சோனி ஆகியோர் கேடம்ப்பைக் கட்டினார்கள். நினைவகத்தின் ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்துவிடுவது. முதல் கெர்னல் விழுந்ததும் கட்டுப்பாடு அதற்குப் போகும். அது தன் மூலையை விட்டு வெளியே கை வைக்காமல், செத்தவரின் நினைவகத்தை ஒரு கோப்புபோலப் படித்துச் சேமிக்கும். மின்சாரம் துண்டிக்கப்படவே இல்லை என்பதால், காந்த வளையம் தந்த வசதி மறுபடி கிடைத்துவிட்டது. 2005 ஆகஸ்டில் 2.6.13 கெர்னலோடு இது வெளியானது. கேம்பிரிட்ஜில் எழுந்த கேள்விக்கு ஒரு பதிலும் கிடைத்தது: சாட்சி எழுதுபவருக்கு முன்கூட்டியே தனி நாற்காலி போட்டுவிடு.

ஆனால் அந்த 2002 அக்டோபரிலேயே லினக்ஸுக்குள் இன்னொன்று நுழைந்திருந்தது. டம்ப் படிப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கப்போகும் ஒன்று. கெர்னலில் சில வேலைகளை அந்தக் கணமே செய்ய முடியாது. வலைப்பின்னல் அட்டை குறுக்கிட்டுக் கூப்பிடும்போது, அதற்குப் பதில் சொல்லும் பகுதி தூங்கவோ காத்திருக்கவோ கூடாது. அதனால் வேலையை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, பின்னால் ஒரு தொழிலாளி த்ரெட், அதாவது தனியாக ஓடும் ஒரு செயல் இழை, எடுத்துச் செய்யட்டும் என்று விடுவார்கள். இந்த வொர்க்கியூ ஏற்பாட்டை எழுதியவர் இங்கோ மோல்னார். கெர்னலின் கடைசிச் செய்திகளை வலைப்பின்னலில் அனுப்பும் நெட்கன்சோலை எழுதியவரும் இவரே.

ஒவ்வொரு டிரைவரும் தனக்கென ஒரு வரிசை தொடங்க, ஒவ்வொரு வரிசைக்கும் செயலிக்கு ஒரு த்ரெட் என்று பெருகியது. பெரிய சர்வர்கள் சில, எழுந்து நிற்பதற்குள்ளாகவே 32 ஆயிரம் என்ற செயல் எண் வரம்பைத் தீர்த்துவிட்டன. 2010-இல் டேஜுன் ஹியோ எல்லாவற்றையும் கலைத்து, பொதுவான தொழிலாளிக் கூட்டம் ஒன்றை அமைத்தார். இன்று லினக்ஸில் செயல்களின் பட்டியலைப் பார்த்தால் வரிசையாகத் தெரியும் கேவொர்க்கர்/0:1, கேவொர்க்கர்/2:0 எல்லாம் அந்தக் கூட்டத்தின் ஆட்கள்.

சிக்கனம் வந்தது, சாட்சியம் போனது. ஒரு யுஎஸ்பி சாதனத்தின் டிரைவர் ஒரு வேலையை வரிசையில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் பார்த்துச் சாதனத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். நிலுவையில் உள்ள வேலையை ரத்து செய்யாமலே டிரைவர் தன் நினைவகத்தை விடுவித்துவிட்டுப் போகிறது. சற்று நேரத்தில் ஏதோ ஒரு கேவொர்க்கர் அந்த வேலையை எடுத்துத் தொட, கெர்னல் விழுகிறது. கேடம்ப் ஒழுங்காக எல்லாவற்றையும் சேமித்துத் தருகிறது. திறந்து, செத்த த்ரெட்டின் அழைப்பு வரிசையைப் பார்க்கிறோம். கீழே கேத்ரெட், அதற்கு மேல் வொர்க்கர்_த்ரெட், அதற்கு மேல் பிராசஸ்_ஒன்_வொர்க். எந்தக் கேவொர்க்கர் செத்தாலும் அடிப்பகுதி இதேதான். கெர்னலைச் சோதனை வசதிகளோடு கட்டியிருந்தால் செயலியின் ஒரு பதிவேட்டில் 6பி6பி6பி6பி என்று தெரியும். விடுவித்த நினைவகத்தில் லினக்ஸ் வேண்டுமென்றே தடவிவைக்கும் விஷம் அது. ஆக, செத்த இடம் தெரிகிறது, செத்த விதமும் தெரிகிறது. வேலையை அனுப்பியது யார், நினைவகத்தை விடுவித்தது யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கல்யாணப் பந்தியில் உப்புக் கரிக்கும் சாம்பாரோடு மாட்டிக்கொள்பவர் பரிமாற வந்தவர். இரண்டாம் முறை உப்பைப் போட்டவர் அடுப்படியை விட்டு எப்போதோ போயிருப்பார்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு வேலை, தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் சொந்தக் குறிப்பை அழித்துக்கொள்ளலாம் என்று லினக்ஸ் விதியே அனுமதிக்கிறது. அதனால் கேவொர்க்கர், வேலையைத் தொடங்கும் முன் எந்தச் செயல்கூறை ஓட்டப்போகிறது என்பதைத் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். டம்ப் படிப்பவர் அனுபவசாலி என்றால் நேராக அந்தப் பிரதியைத்தான் தேடிப் போவார்.

விண்டோஸும் இதே அடியைப் பட்டிருக்கிறது. தொழிலாளி வரிசைக்குரிய குறிப்பு இருக்கக் கூடாத நினைவகத்தில் இருந்தால் இ4 என்ற எண்ணோடு நீலத் திரை. நிலுவை வேலைகளை ரத்து செய்யாமல் டிரைவர் வெளியேறிவிட்டால் சிஇ. இப்படிப்பட்ட சாவுகள் தொடரவே, வேலை முடியும்வரை டிரைவர் வெளியேற முடியாதபடி பிடித்துவைக்கும் வேறொரு அழைப்புக்கு மாறும்படி மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுபவர்களை வற்புறுத்தியது.

லினக்ஸ் பக்கம் தீர்வுகள் துண்டுதுண்டாக வந்தன. தாமஸ் கிளைக்ஸ்னர் 2008-இல் சேர்த்த டீபக்ஆப்ஜெக்ட்ஸ், உயிரோடு இருக்கும் பொருளை விடுவிக்கும் அந்தக் கணத்திலேயே கையும் களவுமாகப் பிடிக்கும். 2015-இல் வந்த கேஏசான், ஒவ்வொரு நினைவகத் துண்டையும் யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்ற இரு அழைப்பு வரிசைகளைக் குறித்துவைக்கும். 2018 முதல், செயல்பட்டியலில் கேவொர்க்கரின் பெயரோடு அது எந்த வரிசைக்காக உழைக்கிறது என்பதும் சேர்ந்து தெரிகிறது. 2020 வாக்கில் கேஏசான் மூன்றாவது தகவலையும் சேமிக்கக் கற்றுக்கொண்டது: இந்த வேலையை வரிசையில் போட்டது யார் என்பது. நினைவகத்தில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லிவந்த டம்ப், முதன்முறையாக அதற்கு முன்னால் என்ன நடந்தது என்றும் சொல்லத் தொடங்கியது. வளையங்களால்கூட இதைத் தந்திருக்க முடியாது. அவை கடைசிக் கணத்தை மட்டுமே உறைய வைத்தன.

இவ்வளவு சொல்லும் கோப்பு, சொல்லக் கூடாததையும் சொல்லிவிடும். கடவுச்சொல், சாவி, கடிதம் எதுவும் விழும் கணத்தில் நினைவகத்தில் இருந்தால் டம்ப்பிலும் இருக்கும். 2023-இல் அமெரிக்க அரசுத் துறைகளின் மின்னஞ்சல்களைப் படித்த ஹேக்கர் குழுவின் கையில் மைக்ரோசாஃப்டின் கையெழுத்துச் சாவி எப்படிப் போனது என்ற விசாரணையில், 2021 ஏப்ரலில் எடுத்த ஒரு கிராஷ் டம்ப் வழியாகப் போயிருக்கலாம் என்று அந்த நிறுவனம் முதலில் விளக்கம் கொடுத்தது. அந்தச் சாவி உள்ள டம்ப் எதையும் தங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2024 மார்ச்சில் திருத்தியது. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கப் பிறந்த பொருள், அங்கே தானே சந்தேகக் கூண்டில் ஏறி இறங்கியது.

2025-இல் விண்டோஸ் 11 அந்த நீலத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது. நிறம் மாறினாலும் டம்ப்புக்கு உள்ள பழைய ஆபத்து மாறவில்லை: தேவைப்படும் ஒரே நாளில் அது கிடைக்காமல் போவது. லினக்ஸில் ஒதுக்கிய மூலை போதாமல் இரண்டாவது கெர்னல் நினைவகம் இன்றித் தானும் விழும். முதல் கெர்னல் கடைசியாக ஏவிய வட்டு அட்டையோ வலை அட்டையோ இன்னும் பழைய கட்டளைப்படி ஓடிக்கொண்டிருந்து, புதியதற்கு வழிவிடாது. கெர்னலைப் புதுப்பித்தவர் டம்ப் கெர்னலை மறந்திருப்பார். இவை எதுவும் அமைதியான நாளில் வெளியே தெரியாது. அதனால்தான் லினக்ஸில் கெர்னலை வேண்டுமென்றே விழச்செய்ய ஒரே ஒரு எழுத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. அனுபவப்பட்ட சர்வர் நிர்வாகிகள், புதிய எந்திரத்தில் வாடிக்கையாளரின் வேலை ஏறும் முன்பே அந்த எழுத்தைத் தட்டி ஒருமுறை அதைக் கொன்று பார்ப்பார்கள். டம்ப் முழுதாக வந்து, கேவொர்க்கர்களின் பட்டியலைத் திறந்து படிக்க முடிந்தால்தான் எந்திரத்தை வேலைக்கு அனுப்புவார்கள்.